எந்தப் பறவை?

சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போய்வந்து நம்மவர்கள் எழுதும் கவிதைகளில் எப்போதும் ஒரே ஜீவன்தான் பறக்கிறது: 'பறவை'. அதுக்குப் பேர் கிடையாது, கால் நிறம் கிடையாது, பசியும் கிடையாது. சுதந்திரம், தனிமை, புலம்பெயர்வு என்று கவிஞர் எதை ஏற்றினாலும் தூக்கிக்கிட்டுப் பறக்கும்.

இதை இயற்கைக் கவிதைன்னு என்னால் பாராட்ட முடியாது. சத்திமுற்றப் புலவர் நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை சொன்னார். வறுமையில், தூது விடும் அவசரத்திலும், மனுஷன் அலகைப் பார்த்திருக்கிறார்! நாம தொலைநோக்கியோடு போய் நம்ம மனசை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்.

பார்க்க அங்கே எவ்வளவோ இருக்கு. செப்டம்பர் வாக்கில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வடக்கிலிருந்து, சில சைபீரியாவிலிருந்தே, வந்து இறங்குகின்றன. கடல் வற்றும்போது ஜொகூர் நீரிணையின் சேற்றில் இரை தேடும். தண்ணீர் ஏறிச் சேறு மூழ்கியதும் உள்ளே குளங்களுக்கு வந்து ஒற்றைக்காலில் ஓய்வெடுக்கும். அந்தக் குளங்கள் பழைய இறால் பண்ணைகள். 1986இல் பறவை ஆர்வலர்கள் கவனித்து, காப்பாற்றச் சொல்லிக் கேட்டதால்தான் அவை பிழைத்தன. 1993இல் பூங்காவாகத் திறந்தார்கள். 2002இல் இயற்கைக் காப்பகமானது. 'இங்கே பறவை இருக்கு' என்று மட்டும் அவர்கள் சொல்லியிருந்தால் யார் மதித்திருப்பார்கள்?

தமிழில் பேர் இல்லை என்பது சாக்கு. சங்கப் பாடல்களின் கண்டல்தான் அங்கே நடைபாதையின் இரு பக்கமும் நிற்கிறது. ரெட்ஷாங்க்கைச் செங்கால் உள்ளான்னு கூப்பிட்டுப் பாருங்களேன். அதுக்கு முன்னாடி, கடல் எத்தனை மணிக்கு ஏறும்னு பார்த்துக்கிட்டுக் கிளம்புங்க.