மனிதரில்லா நகரமும் ஒரு கொங்கிரீட் தளமும்

2012ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு புதியதொரு நகரசபையை அறிவித்தது. அதற்கு ஒரு நகரபிதாவும் இரண்டு உறுப்பினர்களும் நியமிக்கப்பட்டனர். சபைக்குப் பெயர் இருந்தது, எல்லை இருந்தது, மாகாண அரசின் நிதியும் கிடைத்தது. குடிமக்கள்தான் இருக்கவில்லை. ஒரு வீடுகூட அங்கில்லை. ஆளில்லாத இடத்தில் உள்ளூராட்சி மன்றம் அமைப்பதற்கு வசதியாக அவ்வாண்டின் முற்பகுதியில் சட்டமே திருத்தப்பட்டிருந்தது. தேர்தல் நடத்தாமலே உள்ளூராட்சி சபைகளைப் பல்லாண்டுகள் அதிகாரிகளின் கையில் விட்டுவைத்த நாட்டிலிருந்து எழுதும் எனக்கே இது புதுமையாகப்பட்டது.

அந்த நகரத்தின் பெயர் ஜம்போ கிளேசியர். பேர்செல் மலைத்தொடரில், இன்வெர்மியர் என்ற சிற்றூரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள பனிமலைப் பள்ளத்தாக்கு அது. கோடையிலும் உருகாத பனியாறுகள் அங்குண்டு. ஆண்டு முழுவதும் பனிச்சறுக்கு விளையாடத்தக்க பெரும் உல்லாச விடுதியொன்றை அங்கு அமைக்க வேண்டுமென்று வன்கூவரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஒபேர்ட்டோ ஒபேர்ட்டி 1991இல் திட்டமொன்றை முன்வைத்தார். இருபதுக்கு மேற்பட்ட தூக்கிகள், ஆயிரக்கணக்கான படுக்கைகள் எனத் திட்டம் விரிந்தது. புவி வெப்பமடைவதால் தாழ்வான மலைகளில் பனி குறைந்து வருகிறது, எனவே உயரத்துக்குப் போக வேண்டும் என்ற அவரது வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

2014ஆம் ஆண்டு கோடையில், கல்கரியில் வாழும் பல்கலைக்கழகக் கால நண்பர் ஒருவர் என்னை அப்பகுதிக்குக் காரில் அழைத்துச் சென்றார். வழிநெடுக வாகனங்களின் பின்புறத்தில் ஜம்போவை வனமாகவே விடுங்கள் என்ற வாசகம் ஒட்டப்பட்டிருந்தது. ஊர் முழுவதும் ஒரே கருத்துடையது என்று அதனைக் கண்டு எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் ஒரு கோப்பை கோப்பி குடித்து முடிப்பதற்குள் கலைந்தது. கடை வைத்திருந்த பெண்மணி, தம் மகன் வேலை தேடி அல்பேர்ட்டாவுக்குப் போய்விட்டான் என்றும், இங்கே வருடத்தில் சில மாதங்கள் மட்டுமே வியாபாரம் என்றும், ஒட்டுத்தாளை ஒட்டுபவர்களுள் பலர் விடுமுறைக்கு வந்து போகின்றவர்கள் என்றும் கூறினார். அவரது குரலில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது.

“உள்ளூர் வணிகம்” என்று செய்தியாளர்கள் நாம் ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். அப்படி ஒரே பொருள் அங்கு இருக்கவில்லை. கட்டட ஒப்பந்தகாரருக்கும் கடைக்காரருக்கும் புதிய விடுதி வரம். ஆனால் அதே மலைகளில் ஹெலிகொப்டரில் விருந்தினரை ஏற்றிச் சென்று பனிச்சறுக்கு நடத்தி வந்த நிறுவனத்துக்கு அது தொழிலின் முடிவு. பழங்குடியினரும் இரு பக்கமாகவே நின்றனர். ஷுஸ்வப் குழுவினர் தமக்கு வழங்கப்பட்ட உறுதிமொழிகளை ஏற்றுத் திட்டத்தை ஆதரித்தனர். க்துனாஹா மக்கள் எதிர்த்தனர். அவர்களுக்கு அப்பள்ளத்தாக்கு கரடி ஆவியின் உறைவிடம். சிவனொளிபாதமலைக்கும் கதிர்காமத்துக்கும் நடந்து போகும் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி அரசு செய்ததைப் பார்ப்போம். திட்டம் வந்து 13 ஆண்டுகள் கழித்து, 2004 ஒக்டோபரில், சுற்றாடல் சான்றிதழ் வழங்கப்பட்டது. அதனுடன் ஏறக்குறைய 200 நிபந்தனைகள். ஐந்தாண்டுகளுக்குள் வேலையைக் கணிசமான அளவு தொடங்க வேண்டும் என்பது விதி. 2009இல் மேலும் ஐந்தாண்டுகள் நீடிக்கப்பட்டது. இடையில் க்துனாஹா மக்களுடன் பேச்சு நடந்தது, விடுதிக்குரிய பரப்பு சுமார் 60 வீதத்தால் குறைக்கப்பட்டது, கரடிகளுக்காகச் சில தூக்கிகள் நீக்கப்பட்டன.

எனது கருத்து இதுதான். நிபந்தனைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒழுங்குவிதி கடுமையாகிறது என்று நாம் நம்புகிறோம். உண்மையில் பல வேளைகளில் அது முடிவெடுக்க அஞ்சும் அரசின் ஒளிவிடம். வேண்டாம் என்றால் முதலீட்டாளர் கோபிப்பார், ஆம் என்றால் ஊர் கோபிக்கும். ஆகவே ஆம் என்று எழுதி அதன் கீழே இருநூறு வரி சேர்த்துவிடுவது. இங்கே பிரதேச செயலகமொன்றில் பொதுமக்களின் பார்வைக்கென வைக்கப்பட்ட சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை நான் ஒருமுறை ஒரு முழுநாள் இருந்து படித்தேன். நிபந்தனைகளை யார் கண்காணிப்பர் என்று கேட்டபோது அலுவலர் சிரித்தார். பாவம், அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

கேட்கப்பட வேண்டிய முதற்கேள்வி, இந்த இடத்தில் நிரந்தரக் குடியிருப்புடன் கூடிய விடுதி இருக்கலாமா என்பது. அதற்கு நேரடியான விடை அப்பள்ளத்தாக்குக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. நீதிமன்றமும் அதைத் தரவில்லை. 2017 நவம்பர் 2ஆம் திகதி கனடாவின் உச்ச நீதிமன்றம் (எமது நாட்டு வழக்கில் உயர் நீதிமன்றம்) க்துனாஹா மக்களின் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நம்பிக்கை கொள்ளவும் அதன்படி ஒழுகவும் உள்ள சுதந்திரத்தையே சாசனம் காக்கிறது, நம்பப்படும் ஆவியை அது காப்பதில்லை என்று ஏழு நீதிபதிகள் கூறினர். மற்ற இருவர் மதச் சுதந்திரம் பாதிக்கப்படுகிறது என்று ஏற்றும், அமைச்சரின் முடிவு நியாயமானதே என்றனர்.

அப்படியாயின் மலையைக் காத்தது எது? கடிகாரம். 2014 ஒக்டோபர் 12இல் சான்றிதழ் முடிவடைய இருந்த நிலையில், அவசர அவசரமாக இரண்டு கட்டடங்களுக்குக் கொங்கிரீட் தளம் இடப்பட்டது. அவை பனிச்சரிவு அபாயமுள்ள பகுதியில் அமைந்திருந்தமை பின்னர் தெரியவந்தது. வேலை கணிசமாகத் தொடங்கப்படவில்லை என்று 2015 ஜூனில் சுற்றாடல் அமைச்சர் மேரி போலக் முடிவு செய்தார். சான்றிதழ் காலாவதியானது. மதிப்பீடே தேவைப்படாத அளவுக்கு, 2,000 படுக்கைகளுக்குக் குறைவாகத் திட்டத்தைச் சுருக்கப் போவதாக நிறுவனம் அடுத்து அறிவித்தது. 2018இல் கீழ் நீதிமன்றம் அமைச்சரின் முடிவை ரத்துச் செய்ய, 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மீண்டும் நிலைநாட்டியது. இருபத்தெட்டு ஆண்டுகளின் இறுதியில் சட்டத்தரணிகள் வாதிட்டது கரடியைப் பற்றியோ மகனைப் பிரிந்த கடைக்காரியைப் பற்றியோ அல்ல. தளத்தின் அளவைப் பற்றி.

2020 ஜனவரியில் மத்திய அரசின் 16.1 மில்லியன் டொலரும் தனியார் அறக்கட்டளைகளின் பணமும் சேர்ந்து நிறுவனத்தின் உரிமைகள் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டன. க்துனாஹா மக்களின் தலைமையில் பாதுகாக்கப்பட்ட பகுதியை அமைக்க வழி பிறந்தது. முடிவு சரியென்றே நான் நினைக்கிறேன். ஆனால் பொது அதிகாரம் கொடுத்த அனுமதியை மீளப் பெறப் பொதுப்பணமே செலவாயிற்று.

ஒழுங்குவிதியால்தான் தொழில் கெடுகிறது என்பாருக்கு, அதே மாகாணத்தின் ரெவல்ஸ்டோக் நகரைக் காட்டுவேன். ஏற்கெனவே மக்கள் வாழும் ரயில்வே ஊரின் அருகில் 2007 டிசம்பரில் அங்கு பெரிய பனிச்சறுக்கு விடுதி திறக்கப்பட்டது. வீட்டு விலை ஏறிவிட்டது என்ற மனக்குறை அங்குண்டு. எனினும் விடுதி இயங்குகிறது, வேலை கிடைக்கிறது. இடம் பொருந்தினால் அதே சட்டங்களின் கீழ் காரியம் நடக்கிறது.

ஆகவே முதலீட்டாளருக்குக் காலக்கெடு விதிக்கும் சட்டம், அரசுக்கும் ஒன்றை விதிக்கட்டும். இடம் பற்றிய கேள்விக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள், அங்குள்ள பழங்குடியினரையும் இருக்கும் தொழில்களையும் முதலிலேயே அமர்த்திக் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று கூறட்டும். ஜம்போ விடயத்தில் 1994 அளவிலேயே இல்லை என்றிருந்தால், அந்த நிறுவனம் வேறு மலை தேடியிருக்கும். இன்வெர்மியர் தன் எதிர்காலத்துக்கு வேறு திட்டம் வகுத்திருக்கும். ஒரு தலைமுறை இளைஞர்கள் வராத வேலைக்காகக் காத்திருந்திருக்க மாட்டார்கள்.

2021இல் அந்த நகரசபை கலைக்கப்பட்டது. இடம்பெயர்க்க எவரும் இருக்கவில்லை. கடைக்காரியின் மகன் திரும்பி வந்தானா என்று நண்பரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.