பெண்களைத் தடுப்பது வாக்காளர்களா, கட்சிகளா?

மலேசியாவில் 2022 பொதுத்தேர்தலில் போட்டியிட்ட 945 வேட்பாளர்களில் 127 பேர் பெண்கள், அதாவது 13.4 விழுக்காடு. மக்களவையின் 222 இடங்களில் வென்ற பெண்கள் 30 பேர்; 13.5 விழுக்காடு. இரண்டு விழுக்காடும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் தடை வாக்குச்சாவடியில் இல்லை. கட்சிகளின் வேட்பாளர் தேர்வில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். அங்கும் 1970 முதல் 1984 வரை பெண் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1988இல் வந்த குழுத்தொகுதி முறை சிறுபான்மை இனத்தவருக்கான ஏற்பாடு. அதில் பெண்களுக்கு இடஒதுக்கீடு கிடையாது. ஆனாலும் நால்வர், ஐவர் கொண்ட அணியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பது கட்சிக்கு எளிது. மலேசியாவில் தொகுதிக்கு ஒருவரையே கட்சி நிறுத்த முடியும். அந்த ஓர் இடம் பெரும்பாலும் ஆணுக்கே போகிறது.

இந்தியர்களுக்குக் கிடைக்கும் தொகுதிகளே சில என்பதால் நம் பெண்களுக்கு வாய்ப்பு மேலும் சுருங்குகிறது. பினாங்கின் பத்து காவானில் 2013, 2018 தேர்தல்களில் வென்ற கஸ்தூரி பட்டு, 2022இல் போட்டியிடவில்லை. சிங்கப்பூரில் இந்திராணி ராஜா 2001 முதல் தொடர்ந்து நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கிறார்.

தேர்தல் காலத்தில் வீடு வீடாகச் சென்று வாக்கு திரட்டுபவர்கள் மகளிர் பிரிவினர். வேட்பாளர் பட்டியல் தயாராகும் அறையிலும் அவர்களுக்கு இடம் வேண்டும். அடுத்த பொதுத்தேர்தலில் எத்தனை பெண்கள் வெல்வார்கள் என்பது அங்கேயே பாதி முடிவாகிவிடும்.