வீட்டுக்கு எந்த ஆவிக் கருவி நல்லது?

மழைக்காலம் பிறந்துவிட்டால், தாம்பரத்தில் வீட்டுக்கு வீடு தும்மல் கேட்கும். உடனே அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். அதில் நொச்சி இலையும் மஞ்சள் தூளும் விழும். நோயாளியின் தலைக்கு மேல் போர்வை வரும். பாட்டி சொன்ன வைத்தியம் இது. சித்த மருத்துவத்தில் இதற்கு "வேது பிடித்தல்" என்று பெயர்.

இப்போது பாத்திரத்தின் இடத்துக்கு மின்சாரக் கருவி வந்திருக்கிறது. மருந்துக் கடையில் ஒரு வகை கிடைக்கிறது. வெளிநாட்டு விளம்பரங்களில் இன்னொரு வகை வருகிறது. இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல!

தண்ணீரா, சூடான காற்றா?

மருந்துக் கடைக் கருவி தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அந்த ஆவியைத்தான் நாம் சுவாசிக்கிறோம்.

வெளிநாட்டு மேஜைக் கருவியில் தண்ணீரே கிடையாது. காய்ந்த மூலிகையின் ஊடே சூடான காற்று பாய்கிறது. ஜெர்மனியில் தயாராகும் "வல்கேனோ" என்ற கருவி இதில் பெயர் பெற்றது. அதன் சூட்டை 230 டிகிரி வரை ஏற்றலாம். இலை எரியாது, அதன் சத்து மட்டும் ஆவியாக வரும். சில கருவிகளில் தோசைக்கல்லைப் போல, சூடான தகடு இலையைத் தொடும். தொட்ட இடம் கருகிவிடும். காற்று முறையில் சூடு சமமாகப் பரவும்.

எரியாததால் புகை குறையும் என்பது உண்மை. அதனால் தீங்கே இல்லை என்று சொல்ல முடியாது. மேலும், வெளிநாடுகளில் இந்தக் கருவி பெரும்பாலும் கஞ்சாவுக்கே பயன்படுகிறது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பது குற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்சார சிகரெட்டைத் தடை செய்யும் சட்டம் 2019இல் வந்தது. ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுக்கும் ஆவியாக மாற்றும் மின்னணுக் கருவி எல்லாம் அதன் வரையறையில் வரும். நிகோடின் இருந்தாலும், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மருந்துச் சட்டப்படி உரிமம் பெற்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இறக்குமதி செய்தால், முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். மேஜைக் கருவிக்கு ஆசைப்படுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாம்பரம் சொல்லும் பாடம்

தாம்பரத்தில் 1928இல் டாக்டர் டேவிட் சவரிமுத்து காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். நல்ல காற்றும் ஓய்வுமே அன்று பெரிய மருந்து. இன்று அது அரசு நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. அதே சானடோரியம் பகுதியில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. இரண்டு வைத்தியமும் பக்கத்திலேயே இருக்கும்போது, விளம்பரத்தை நம்பி மூச்சை ஒப்படைப்பானேன்?

ஆவி பிடித்தால் மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். ஆனால், ஆவி கிருமியைக் கொல்லாது. 2021இல் கொரோனா பரவியபோது பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடித்தார்கள். அது நோயைப் பரப்பிவிடும் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் எச்சரித்தார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், ஆவி பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. சளியைப் பரிசோதிக்க வேண்டும். அது காசநோயாக இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாக்கலாம்.

வாங்கும்போது கவனியுங்கள்

தண்ணீர் ஆவிக் கருவியே குடும்பத்துக்குப் போதும். அடிப்பாகம் அகலமாக, கவிழாமல் இருக்க வேண்டும். தண்ணீர் வற்றினால் கருவி தானாக நிற்க வேண்டும். இலையை உள்ளே போடலாமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஆறிய பிறகு கழுவிக் காய வையுங்கள்.

குழந்தையைத் தனியே ஆவி பிடிக்க விடாதீர்கள். மடியில் வைத்துக்கொண்டும் பிடிக்காதீர்கள். கொதிநீர் கொட்டி வெந்து போகும் விபத்துகளில் அதிகம் சிக்குவது குழந்தைகளே. கைக்குழந்தைக்குக் கற்பூரமும் நீலகிரித் தைலமும் ஆகாது. ஆஸ்துமாக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகை ஆவியையும் பிடிக்கக் கூடாது.

சளி நாலு நாளில் போய்விடும். வெந்த புண்ணின் வடு போகாது!