இரண்டாவது டிரம் எங்கே?

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியிலிருந்து குற்றாலத்திற்குச் செல்லும் சாலையின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து சாரல் தூவும் காலம் அது. வேன்களும் சுற்றுலாப் பேருந்துகளும் வரிசையாக வந்துகொண்டிருக்கும். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இதே வழியில் வரும். இவற்றில் பல வண்டிகளில் அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் இருக்கும். அவற்றோடு தண்ணீர் நிரப்பிய நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றும் இருக்கும்.

அந்த வண்டி ஓர் ஓடும் வீடு. வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. கழுவிய நீர் சாக்கடை வழியே போய்விடுகிறது. ஓடும் வீட்டிற்குக் குழாயும் இல்லை, சாக்கடையும் இல்லை. குழாய்க்குப் பதிலாக ஒரு டிரம்மை ஏற்றிக்கொண்டோம். சாக்கடைக்குப் பதிலாக எதை ஏற்றிக்கொண்டோம்? எதையுமே இல்லை!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள் உண்டு. கேரவன் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா? அந்த வண்டிகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி இருக்கும். பாத்திரம் கழுவிய நீருக்கும் குளித்த நீருக்கும் மற்றொரு தொட்டி. கழிப்பறைக் கழிவுக்குத் தனியாக இன்னொன்று. கழிவை நினைத்த இடத்தில் திறந்துவிடக் கூடாது. அதற்கென்று அமைத்துள்ள இடத்திற்குக் கொண்டுபோய்த்தான் இறக்க வேண்டும்.

குற்றாலத்திற்கு வந்து சமைத்து உண்ணும் ஒவ்வொரு வண்டியும் இரண்டு டிரம்களோடு வர வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று நல்ல தண்ணீருக்கு. மற்றொன்று கழுவிய தண்ணீருக்கு. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

இருபது பேர் ஒரு வேனில் ஒரு நாள் பயணம் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடிக்க ஆளுக்கு 3 லிட்டர் வீதம் 60 லிட்டர். சமையலுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வீதம் 40 லிட்டர். கைகழுவவும் பாத்திரம் துலக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் வீதம் 100 லிட்டர். ஆக மொத்தம் 200 லிட்டர். ஒரு பெரிய டிரம் நிறைய!

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். ஆகவே அந்த டிரம்மின் சுமை 200 கிலோகிராம். மூன்று பெரியவர்களின் எடை என்று சொல்லலாம். இதை வண்டியின் கூரைமேல் ஏற்றினால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும். ஆரியங்காவு மலைப்பாதையின் வளைவுகளில் இது ஆபத்து. பாதி காலியான டிரம்மில் நீர் இங்குமங்கும் அலைந்து வண்டியை ஆட்டும். எனவே டிரம்மைத் தரைத்தளத்தில், சக்கர அச்சுக்கு அருகில், அசையாமல் கட்டி வைக்க வேண்டும்.

டிரம்மை வாங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் முன்பு என்ன இருந்தது?” பழைய நீல டிரம்கள் பல, தொழிற்சாலை வேதிப்பொருள்கள் வந்த டிரம்களே. எத்தனை முறை கழுவினாலும் அவை குடிநீருக்கு ஆகா. உணவுப்பொருளுக்கென்று செய்த டிரம்மையே வாங்க வேண்டும்.

அடிப்பகுதியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு குழாய் பொருத்துங்கள். வண்டல் அடியிலேயே தங்கிவிடும். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளும் வேலையும் இராது. ஒருவர் கையிலுள்ள கிருமி இருபது பேர் வயிற்றுக்குப் போவது அந்த டம்ளர் வழியாகத்தான். மூடியை இறுக மூடினால் குழாயில் நீர் வருவது நின்றுபோகும். வெளியேறும் நீரின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும் அல்லவா? மூடியில் சிறு துளையிட்டு, அதன்மேல் சுத்தமான துணி கட்டிவிட்டால் போதும்.

அடுத்து, எந்தத் தண்ணீரை நிரப்புவது? “அருவி நீர் மூலிகை நீர், அப்படியே குடிக்கலாம்” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீர் உயரத்திலிருந்து விழும்போது காற்றோடு கலக்கிறது, ஆக்சிஜன் சேர்கிறது, சில வாடைகள் நீங்குகின்றன. இவை உண்மை. ஆனால் நோய்க்கிருமிகள் பாறையில் மோதி இறந்துவிடுவதில்லை. பாக்டீரியா ஒன்றின் அளவு சுமார் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைக் கண்ணால் எப்படிக் காண முடியும்? தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் அல்ல. அதிலும், நூற்றுக்கணக்கானோர் குளிக்கும் அருவியின் அடியில் பிடித்த நீரைக் குடிநீர் என்று எப்படிச் சொல்வது?

வழியில் பிடிக்கும் நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். இல்லையேல் குளோரின் மாத்திரை இடுங்கள். 20 லிட்டர் நீருக்கு 0.5 கிராம் மாத்திரை ஒன்று. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். நீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளிய வைத்து வடிகட்டுங்கள். சேறும் சகதியும் குளோரினைத் தாமே தின்றுவிடும். கிருமியைக் கொல்ல ஒன்றும் மிஞ்சாது.

நல்ல தண்ணீர் டிரம்மின் கதை இது. இதைப் பலரும் ஓரளவு அறிவார்கள். அறியாமல் விடுவது மற்றொரு டிரம்மின் கதையைத்தான்.

நீர் மாயமாய் மறைவதில்லை. 200 லிட்டர் உள்ளே வந்தால் 200 லிட்டரும் ஏதோ ஒரு வடிவில் வெளியே போக வேண்டும். நம் கணக்கில் கழுவிய நீர் மட்டும் 100 லிட்டர். வடித்த கஞ்சியும் அதனோடு சேரும். எண்ணெய், சோறு, சோப்பு எல்லாம் கலந்த இந்த நீரைச் சாலையோரத்தில் கொட்டுகிறோம். சரிவான ஊர் குற்றாலம். கொட்டிய நீர் ஓடைக்கும், ஓடையிலிருந்து சிற்றாற்றுக்கும் போகிறது. சிற்றாறு தென்காசி வழியாகப் பாய்ந்து, வழியெல்லாம் வயல்களுக்கும் குளங்களுக்கும் நீர் தந்து, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரவருணியில் கலக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட மக்களின் தாகம் தீர்ப்பது தாமிரவருணி. இங்கே ஒரு வண்டி கொட்டும் கழுநீர், அங்கே ஒருவர் குடத்தை நோக்கிப் பயணம் தொடங்குகிறது!

2014ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. நல்ல தடைதான். ஆனால் அருவியில் சோப்புப் போடாத அதே மனிதர், வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய்ச் சட்டியைச் சோப்புப் போட்டுத் துலக்கினால் பயன் என்ன? ஆறு ஒன்றுதானே!

“இவ்வளவு வெள்ளம் கொட்டும் இடத்தில் ஒரு வாளிக் கழுநீர் என்ன செய்துவிடும்?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வண்டி 100 லிட்டர் என்றால் நூறு வண்டிகள் 10,000 லிட்டர் அல்லவா? மேலும், சீசன் முடிந்தால் வெள்ளமும் குறைந்துவிடும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். மீன் வாழ்வது அதை நம்பித்தான். சோறும் எண்ணெயும் அழுகும்போது அவற்றைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்த ஆக்சிஜனையே எடுத்துக்கொள்கின்றன.

“இன்னொரு டிரம் ஏற்றினால் சுமை கூடாதா?” என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் இயற்பியல் நமக்குத் துணை நிற்கிறது. முதல் டிரம் காலியாகக் காலியாகத்தான் இரண்டாவது நிறைகிறது. புறப்படும்போது இருந்த நீரின் எடையைவிட எந்த நேரத்திலும் அது மிகாது. கூடுவது வெற்று டிரம்மின் எடை மட்டுமே.

“நிறைந்ததை எங்கே கொட்டுவது?” இது நியாயமான கேள்வி. வாகனங்கள் நிற்கும் இடங்களில், வடிகட்டியும் மூடியும் உள்ள கழிவுநீர்த் தொட்டிகளை உள்ளாட்சி அமைப்புகள் கட்ட வேண்டும். வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கும் இடத்தில் கழிவு இறக்கவும் வசதி வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதுவரையில், சோற்றுப் பருக்கைகளை வடித்தெடுத்துவிட்டு, ஓடைக்கும் கிணற்றுக்கும் தள்ளியுள்ள தோட்டத்தில், உரியவரிடம் கேட்டு, வாழைக்கும் தென்னைக்கும் ஊற்றலாம். மண் ஒரு நல்ல வடிகட்டி. அதுவும் இயலாவிட்டால் வீட்டிற்கே திருப்பிக் கொண்டுபோகலாம்.

“நடக்கிற காரியமா இது?” என்று சிலர் சிரிக்கக்கூடும். நம் ரயில்களைப் பாருங்கள். பல தலைமுறைகளாக ரயில் கழிப்பறைகள் தண்டவாளத்தின் மீதே திறந்திருந்தன. இப்படித்தான் இருக்க முடியும் என்று எல்லோரும் எண்ணினோம். 2011 முதல், பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும் உயிரிக் கழிப்பறைகளைப் பொருத்தத் தொடங்கினார்கள். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் பயணிகள் பெட்டிகள் முழுவதும் மாறிவிட்டன. மனித இனம் விண்வெளியில் அமைத்த மிகப் பெரிய ஓடும் வீடு பன்னாட்டு விண்வெளி நிலையம். அங்கே வியர்வையையும் சிறுநீரையும்கூடத் தூய்மையாக்கி மறுபடி குடிக்கிறார்கள். நீரில் 98 விழுக்காட்டை மீட்டுவிட்டதாக 2023இல் நாசா அறிவித்தது. விண்வெளியில் அவர்களுக்குச் சாலையோரம் இல்லை. ஆகவே ஒவ்வொரு துளிக்கும் கணக்கு வைக்கிறார்கள்.

நமக்குச் சாலையோரம் இருக்கிறது. அதுவே நம்மைக் கணக்கு மறக்கச் செய்துவிட்டது.

அடுத்த முறை உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ குற்றாலப் பயணம் பேசப்படும்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எத்தனை வேளை, எத்தனை லிட்டர் என்று கணக்கிடுங்கள். அண்ணனிடமோ மாமாவிடமோ ஆசிரியரிடமோ அதைக் காட்டி, “இத்தனை லிட்டர் கழுநீருக்கு எந்த டிரம்?” என்று கேளுங்கள். பெரியவர்கள் முதலில் விழிப்பார்கள். பிறகு டிரம்மைத் தேடுவார்கள். சிற்றாற்றின் கரையில் உங்களைப் போன்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் ஆற்றுக்காக நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.