அவர்கள் அழைத்த சாட்சி

“உடலைப் பாருங்கள்! அன்னியம் நுழைந்தால் அது பொறுப்பதில்லை, தாக்கித் துரத்துகிறது. தூய்மை காப்பது இயற்கையின் சட்டம்!” என்று முழங்குகிறார்கள், குருதித் தூய்மை பேசுவோர். 1935-இல் நாஜி ஜெர்மனி இதே குருதியின் பெயரால்தான் யூதர்க்கும் ஜெர்மானியர்க்கும் இடையே திருமணத்தைத் தடை செய்தது. அந்தச் சட்டம் மாண்டது; எண்ணம் மாளவில்லை. நம் நாட்டிலே அதற்குச் சாதி என்று பெயர்.

உடலைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அவர்கள், நாமல்ல. இயற்கை செய்வதெல்லாம் மனிதன் செய்யத்தக்கது என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை, காலராவும் இயற்கைதானே! ஆனால், சாட்சி கூண்டேறிவிட்டது. குறுக்கு விசாரணை செய்யாமல் விடலாமா?

பிறர் தோலை ஒட்டினால் உடல் உதறிவிடுகிறதே என்பார்கள். மெய்தான். மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தைக் காக்க மருந்து வேண்டியிருப்பதும் மெய்தான். அத்தோடு சாட்சியத்தை முடித்துவிடத் துடிக்கிறார்கள். நாம் விடுவதாக இல்லை.

1945-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலே ரே ஓவன் என்ற அறிஞர் இரட்டைக் கன்றுகளின் குருதியை ஆராய்ந்தார். அவற்றுள் ஓர் இணை, ஒரே பசு ஈன்றது. தந்தையரோ வெவ்வேறு இனத்துக் காளைகள்! கருப்பையிலே இரண்டின் குருதியோட்டமும் இணைந்திருந்தது. வளர்ந்த பின்னும் ஒன்றின் உடலிலே மற்றதன் உயிரணுக்கள் குடியிருந்தன. தாக்குதல் இல்லை, துரத்தல் இல்லை. இங்கே எது தூய குருதி? எது அன்னியம்?

1953-இல் இங்கிலாந்தின் மெடாவர், பில்லிங்காம், பிரென்ட் மூவரும் இதைக் கையால் செய்தே காட்டினர். பிறவாத சுண்டெலிக் குஞ்சுகளுக்கு வேறு வகைச் சுண்டெலியின் உயிரணுக்களைச் செலுத்தினர். வளர்ந்ததும் அதே வகையின் தோலை ஒட்டினர். ஒட்டிக்கொண்டது! மூன்றாவது வகையின் தோலை ஒட்டினால் உதறியது. ஆக, ‘நாம்’, ‘பிறர்’ என்ற பிரிவினை கருவிலே எழுதி முடிந்த விதியன்று, கற்பது. யாரோடு முன்கூட்டிப் பழகிற்றோ அவரை உடல் தன்னவராகக் கொள்கிறது. 1960-இல் மெடாவருக்கும் பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. (மெடாவரின் தந்தை லெபனானில் பிறந்தவர், தாய் ஆங்கிலப் பெண். கலப்பை அருவருப்போர் கவனிக்க!)

தாக்குவதே காவல் என்கிறார்களே, அதையும் கேட்போம். தாக்கும் அணுக்களை அடக்கி நிறுத்தவென்றே உடலிலே ஒரு தனி வகை வெள்ளையணு உண்டு என்று 1995-இல் ஜப்பானின் சக்காகுச்சி காட்டினார். அவ்வணுக்கள் உருவாவதற்குரிய மரபணு பழுதுற்ற குழந்தைகளின் நிலை என்ன? எதிர்ப்புப் படை சொந்தக் குடலைத் தாக்குகிறது, தோலைத் தாக்குகிறது, இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிக்கிறது. கட்டுப்பாடற்ற காவற்படை தன் வீட்டையே கொளுத்துகிறது! அந்த மரபணுவை 2001-இல் அறிவித்த பிரங்கோ, ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் சக்காகுச்சிக்கும் 2025-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்னும் ஒரு கேள்வி உண்டு. கருவிலிருக்கும் பிள்ளையின் கூறுகளில் பாதி தந்தை வழி வந்தவை. தாயின் உடலுக்கு அவை அன்னியம். பத்து மாதம் அவள் அதைத் தாங்குகிறாள். அத்தோடும் போகவில்லை: மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு தாயின் குருதியிலே ஆண் உயிரணுக்கள் இருந்ததாக 1996-இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

தூய குருதி பேசும் பெரியோர்களே, உங்களைப் பெற்றவளின் குருதியை எந்தச் சட்டத்தின் கீழ் விலக்கி வைப்பீர்கள்?