கூட்டு என்றால் கணக்கையும் காட்டு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள் நீங்கள், ஐந்து நிமிடம் பொறுத்துப் படிக்க மாட்டீர்களா?

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. மாடிப்படியில் குப்பை, சுவரெல்லாம் எச்சில் கறை, கீழே தேங்கிய சாக்கடை. "இலவசமா வீடு குடுத்தா இப்படித்தான்" என்று ஒரு வரி. பதினோரு பேர் கை தட்டியிருந்தீர்கள். அதில் ஒருவன் என் கூடப்பிறந்த தம்பி. அவனுக்குத்தான் இந்தப் பதில். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி, நீ இருக்கிற அபார்ட்மெண்டில் மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் மெயின்டனன்ஸ் கட்டுகிறாய். வருடத்துக்கு ஒருமுறை வரவு செலவு வாசிக்கிறார்கள். ஒரு தடவை பெயிண்ட் செலவில் கணக்கு இடித்தது என்று நீயே எழுந்து நின்று கத்தினாய், நான் அங்கேதான் இருந்தேன். லிஃப்ட் நின்றால் யாருக்குப் போன் போட வேண்டும் என்று உனக்குத் தெரியும். அவன் சரியாக வரவில்லை என்றால் ஆளை மாற்றவும் உங்கள் சங்கத்தால் முடியும். உன் மாடிப்படி சுத்தமாக இருப்பதற்குக் காரணம் அந்தக் கணக்கும் அந்த அதிகாரமும்தான். உன் பரம்பரைப் பெருமை இல்லை.

இப்போது இன்னொரு வீட்டுக்குப் போவோம். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண். அவள் குடும்பம் ஆற்றங்கரையில் இருந்தது. அங்கிருந்து எடுத்து ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு கொடுத்தார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை, அவளுக்குத் தொந்தரவு வேண்டாம். இன்று அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவள்தான். வீட்டு வேலை பார்த்துக்கொண்டே, வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் வாங்கி ரசீது எழுதுகிறாள். லிஃப்ட் பத்தொன்பது நாள் நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை டயாலிசிஸுக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து ஏழாவது மாடியிலிருந்து நான்கு பையன்கள் தூக்கி இறக்கினார்கள். அதன் பிறகு பாதிப் பேர் பணம் தருவதை நிறுத்திவிட்டார்கள். உடனே அதிகாரி சொன்னாராம்: "நீங்க பணம் கட்டலை, அதனால வேலை நடக்கலை." எது முந்தி, எது பிந்தி என்று நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தாள். கழிவுநீர்க் குழாய் மாற்றும் வேலை முடிந்துவிட்டது என்று சங்கம் கையெழுத்துப் போட வேண்டுமாம். மூன்று பிளாக்கில் ஒன்றில்தான் குழாய் மாற்றியிருக்கிறார்கள். எஸ்டிமேட்டை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. "டீச்சர், போட மாட்டேன்னு சொன்னா தப்பா?" என்று கேட்டாள். தப்பில்லை என்றேன். அவள் போடவில்லை. இப்போது சங்கத்தையே மாற்றி அமைக்கப் போவதாகப் பேச்சு. அதனால்தான் இந்தப் பதிவு.

அரசுத் திட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம்தான் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதன் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம் நல்ல யோசனை. குடியிருப்பவர்கள் சங்கம் அமைத்துப் பராமரிப்புத் தொகை வசூலித்தால், அதே அளவு பணத்தை அரசும் போடும். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகம் நடத்தியவள் நான். நாலு பேர் சேர்ந்து பொறுப்பெடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் சண்டை அந்தப் பெயரோடு மட்டும்தான். நம் பொறுப்பு என்றால், நம் அதிகாரம் எங்கே?

திருவொற்றியூர் அரிவாக்குளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 டிசம்பர் 27. வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் இருந்த ஒரு பிளாக் அப்படியே இடிந்து விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்துப் பயந்து, ஒருவரையொருவர் எச்சரித்து, எல்லாரும் வெளியே வந்துவிட்டதால் பிழைத்தார்கள். தங்கள் கட்டடத்தைப் பற்றி அந்த ஜனங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். சுவரோடு வாழ்கிறவனுக்குத்தான் சுவரின் நோய் முதலில் தெரியும்.

வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். லண்டனில் கிரென்ஃபெல் டவர், 24 மாடி. கவுன்சிலுக்குச் சொந்தமான கட்டடம். நிர்வகித்த அமைப்பின் பெயரிலேயே 'குடியிருப்போர் நிர்வாகம்' இருந்தது, நிர்வாகக் குழுவில் குடியிருப்போர் பிரதிநிதிகளும் இருந்தார்கள். தீப் பாதுகாப்பு சரியில்லை, பெரிய விபத்து வந்தால்தான் கேட்பீர்களா என்று அங்கு குடியிருந்த சிலர் 2016-லேயே எழுதினார்கள். தொந்தரவு செய்கிறவர்கள் என்று அவர்களை ஒதுக்கினார்கள். புதுப்பிக்கிறோம் என்று சொல்லிச் சுவருக்கு வெளியே ஒட்டிய தகடு எளிதில் தீப்பிடிக்கக் கூடியது. 2017 ஜூன் 14 அன்று 72 பேர் இறந்தார்கள். பெயர்ப்பலகையில் மக்களை எழுதிவிட்டு அவர்கள் பேச்சைக் காதில் வாங்காவிட்டால் இதுதான் கதி.

அப்படியானால் கூட்டு முயற்சி எங்கேயுமே நடக்காதா? நடக்கும், நடந்திருக்கிறது. அகமதாபாத் மாநகராட்சி 1995-இல் 'பரிவர்த்தன்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. அங்கே அரசு கட்டிய மாடி வீடு இல்லை, குடிசைப் பகுதி. மக்களை அப்புறப்படுத்தாமல் இருந்த இடத்திலேயே வசதி செய்து கொடுத்தார்கள். முதலில் சஞ்சய்நகர், 181 குடும்பங்கள். மாநகராட்சி, ஒரு ஆலை நிறுவனம், தொண்டு அமைப்புகள், மக்கள் என்று எல்லாரும் சேர்ந்து செய்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் 2000 ரூபாய் போட்டது, எதிர்காலப் பராமரிப்புக்கு இன்னொரு 100 ரூபாய். சேவா பெண்கள் வங்கியில் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் வந்தன. முக்கியமானது வேறு ஒன்று. பத்து வருடத்துக்கு உங்களைக் காலி செய்ய மாட்டோம் என்று மாநகராட்சி முதலில் உறுதி கொடுத்தது. அந்த நம்பிக்கையில்தான் ஏழைகள் பணம் போட்டார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மாணவர்களுக்கு இது புதிதில்லை. உங்கள் வீவக பிளாக்கில் வீட்டு மேம்பாட்டு வேலை நடக்க வேண்டுமானால், தகுதியுள்ள குடும்பங்களில் 75 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டுவிட்டுச் செய்கிறார்கள். நம்மிடம் செய்துவிட்டுக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட் நகலைச் சங்கத்திடம் கொடுங்கள். எவ்வளவு தொகை, யார் கான்ட்ராக்டர், எப்போது முடியும் என்று வாசலில் பலகை வையுங்கள். மக்கள் கட்டிய பணம், அரசு போட்ட பணம், செலவு மூன்றையும் மாதாமாதம் தமிழில் எழுதி ஒட்டுங்கள். சங்கம் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு பில் பாஸ் செய்யுங்கள். கேள்வி கேட்டதற்காகச் செயலாளரை மாற்றாதீர்கள்.

குடியிருப்பவர்கள் பக்கமும் தப்பு உண்டு. மேல் மாடியிலிருந்து குப்பையை வீசுகிறவனை நான் ஆதரிக்க மாட்டேன், என் மாணவனாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன். கூட்டத்துக்கு வராமல் சங்கத்தைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டியும் லிஃப்ட் ஓடாத இடத்தில் "கட்டுப்பாடு இல்லாத ஜனங்கள்" என்று சொல்வது அநியாயம்.

இன்னொன்று. அது இலவசமும் இல்லை. மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்டுகிறார்கள். அதற்கு முன்னால் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரே மாதத்தில் ஒன்பது பெயர்களை அடித்தவள் நான். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் புது இடத்தில் பள்ளிக்குப் போனார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்களில் சிவில் இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள், ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறீர்கள், இரண்டு பேர் வக்கீல். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண்ணின் சங்கக் கூட்டம். எஸ்டிமேட்டும் பில்லும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுத வேண்டும், சங்க வரவு செலவை ஒழுங்குபடுத்த வேண்டும். நான் போகிறேன். முழங்கால் வலிதான், கூட்டம் தரைத்தளத்தில் என்பதால் சமாளித்துவிடுவேன். வர முடிந்தவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள்.

தம்பி, நீயும் வா. வீடியோவில் பார்த்த மாடிப்படியை ஒருமுறை ஏறிப் பார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்