பாலகந்தர்வ அரங்கில் ஒரு மாலை

ஹிஞ்சேவாடியில் குடியேறிப் பல ஆண்டுகள் கழிந்தும், 1968இல் புனே நகரில் திறக்கப்பட்ட பாலகந்தர்வ ரங்கமந்திரத்தை நாம் எட்டிப் பார்த்ததில்லை. பெண் வேடத்தில் பாடிப் புகழ்பெற்ற நடிகரின் பெயர் தாங்கிய அவ்வரங்கில், சென்ற திங்கள் ‘சங்கீத சாகுந்தல்’ கண்டோம். அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 1880இல் இந்நகரிலேயே அரங்கேற்றிய இசை நாடகம் அது.

வசனம் நமக்குப் பாதியே விளங்கிற்று. மீதியை இங்கே பிறந்த மகள் காதோடு சொன்னாள். பாட்டு எழுந்ததும், பெரியோர் சொல்லக் கேட்ட கிட்டப்பா காலத்து மேடை நம் மனக்கண்ணில் நின்றது. அவர் யாரென மகள் வினவினாள். நாம் நாணினோம்.

தஞ்சையை 1684 முதல் 1712 வரை ஆண்ட ஷாஹஜி மன்னர் மராத்தியிலும் நாடகம் இயற்றியவர். அவ்வுறவை அறியாமலே நம் பிள்ளைகள் வளர்தல் தகுமோ? அன்பர்களே, குடும்பத்துடன் நாடகம் காணுங்கள். வீடு திரும்பியதும் நம் மேடையின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.